விலைபோகாத குரல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

குரல் வளம் என்பது இயற்கை தரும் கொடை. அதைப் பெற்றவர்கள் உலகில் பலர். ஆனால் அந்தக் கொடையை எங்கே, எவருக்காக, எதற்காகச் செலவிடுவது என்பதைத் தாமே முடிவு செய்தவர்கள் மிகச் சிலர். பசி வந்துவிட்டால் மானம் முதலான பத்தும் பறந்துவிடும் என்று நம் முன்னோர் சொல்வர். பசி வந்த வேளையிலும் அவற்றைப் பறக்கவிடாமல் காத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் வரலாறே இக்கட்டுரை. அமெரிக்கக் கறுப்பின மக்களால் காஸ்பல் இசையின் அரசி என்று போற்றப்பட்ட மஹேலியா ஜாக்சன்தான் அவர்.

காஸ்பல் என்பது அம்மக்கள் தங்கள் தேவாலயங்களில் கைதட்டியும், உடலை அசைத்தும், உள்ளம் உருகியும் பாடும் பக்திப் பாடல். அடிமைத்தளையில் கிடந்த ஓர் இனத்தின் கண்ணீரும் நம்பிக்கையும் கலந்து பிறந்த இசை அது. அந்த இசையைத் தேவாலயத் திண்ணையிலிருந்து உலக அரங்குக்கு எடுத்துச் சென்றவர் மஹேலியா.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு பாயும் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1911ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அவர் பிறந்தார். தாத்தாவும் பாட்டியும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை துறைமுகத்தில் வேலை செய்தார், முடி திருத்தினார், ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசமும் செய்தார். மூன்றே அறைகள் கொண்ட சிறு வீட்டில் 13 பேர் வாழ்ந்தனர். குழந்தைக்குப் பிறவியிலேயே கால்கள் வளைந்திருந்தன. ஐந்து வயதில் தாயையும் இழந்தாள் அச்சிறுமி. பெரியம்மா எடுத்து வளர்த்தார். அன்பு உள்ளவர்தான்; ஆனால் கண்டிப்பில் இரும்பு.

வீட்டில் யாருக்கேனும் உடல் நலமில்லை என்றால் அவர்கள் செய்யும் வேலை சிறுமியின் தலையில் விழும். இதனால் ஒரு வாரம் முழுதும் பள்ளிக்குச் சென்ற வாரம் அரிது. பத்து வயதளவில் படிப்பு அடியோடு நின்றது. ஊரார் துணிகளை வாங்கி வந்து வெளுத்துக் கொடுக்கும் வேலை தொடங்கியது. பிற்காலத்தில் மன்னர்களும் அதிபர்களும் கேட்டு வியந்த அந்தக் குரல், அப்போது துணி துவைக்கும் தொட்டியருகே பாடிக்கொண்டிருந்தது.

படிப்புக்குத்தான் பள்ளி இல்லை. பாட்டுக்குப் பள்ளிகள் இருந்தன. முதல் பள்ளி மவுண்ட் மோரையா தேவாலயம். நான்கு வயதிலேயே அங்குக் குழந்தைகள் குழுவில் பாடத் தொடங்கினார். இரண்டாவது பள்ளி, பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேறொரு சிறு தேவாலயம். அங்கு முரசும் தாளமும் முழங்க, ஏழை மக்கள் உடலெல்லாம் ஆடப் பாடுவார்கள். சிறுமி உள்ளே போனதில்லை. வெளியே நின்றே கேட்டுக் கேட்டு அந்தத் தாளத்தைத் தன்னுள் ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது பள்ளி இசைத்தட்டு. பெரியம்மா வெளியே சென்ற வேளைகளில் பெஸ்ஸி ஸ்மித் என்னும் பாடகியின் புளூஸ் தட்டுகள் அந்த வீட்டில் மெல்லச் சுழலும். புளூஸ் என்பது துயரத்தைப் பாடும் உலகியல் இசை. அதன் இழைவும் குழைவும் சிறுமியின் குரலில் படிந்தன. ஆனால் பாடிய பாடல்கள் மட்டும் கடவுளுக்கே உரியவையாக இருந்தன.

சிகாகோ

அக்காலத்தில் தென்பகுதிக் கறுப்பின மக்கள் வேலையும் மானமும் தேடி வடக்கு நோக்கிக் குடிபெயர்ந்த வண்ணம் இருந்தனர். 1910க்கும் 1970க்கும் இடையில் இவ்வாறு சென்றவர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவர்களுள் ஒருவராக, 16 வயதில், எலும்பை உறைய வைக்கும் குளிர்காலத்தில் சிகாகோ வந்து சேர்ந்தார் மஹேலியா. செவிலியாக வேண்டும் என்பது அவர் கனவு. கிடைத்ததோ வெள்ளையர் வீடுகளில் துணி வெளுக்கும் வேலை. சிறிது காலத்தில், 1929இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் வாயைத் திறந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. சில இளைஞர்களுடன் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று தேவாலயங்களில் பாடினார். காணிக்கையாக விழும் சில்லறையே கூலி. படித்த பெருமக்கள் கூடும் சில தேவாலயங்களில் அவருக்கு வரவேற்பு இல்லை. கையை வீசிப் பாடுகிறார், காலைத் தட்டிப் பாடுகிறார், கத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. தெற்கின் சேற்று மணம் வீசும் அந்த இசை, நாகரிகம் தேடி வந்த நகரவாசிகளுக்கு நாணத்தைத் தந்தது.

ஒருமுறை நான்கு டாலர் கொடுத்து ஓர் இசையாசிரியரிடம் பாடம் கேட்கச் சென்றார். துணி வெளுத்துச் சேர்த்த பணம் அது. அந்த ஆசிரியரோ, கத்துவதை நிறுத்த வேண்டும், இப்படிப் பாடுவது இனத்துக்கே இழுக்கு என்ற பொருளில் கடிந்து அனுப்பிவிட்டார். மஹேலியா வாழ்நாளில் பெற்ற இசைப் பயிற்சி அந்த ஒரு நாளோடு முடிந்தது. சுரக்குறிப்பு படிக்க அவர் கடைசி வரை கற்கவில்லை.

அவர் அருமை அறிந்தவர் தாமஸ் டோர்சி. ஒரு காலத்தில் புளூஸ் இசையில் பேர் பெற்று, பின் பக்திப் பாடல் இயற்றத் தொடங்கியவர் அவர். 1932இல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த துயரில் அவர் இயற்றிய பாடல் உலகப் புகழ் பெற்றது. டோர்சி பாடல்களை அச்சிட்டுத் தாள்களாக விற்பார். மஹேலியா தெருமுனையில் நின்று பாடிக் காட்டுவார். பத்து சென்ட் விலைத் தாள்களை விற்றபடி இருவரும் ஊர் ஊராகச் சுற்றினர்.

கணவரும் குரலும்

1936இல் மஹேலியா ஐசக் ஹாக்கன்ஹல் என்பவரை மணந்தார். வேதியியல் படிக்கும் எனக்கு இந்த இடம் மிகவும் உறைத்தது. ஏனெனில் ஐசக் வேதியியல் படித்த பட்டதாரி. கறுப்பராய்ப் பிறந்ததாலும், காலம் கெட்டிருந்ததாலும், அந்தப் பட்டம் அவருக்கு ஆய்வுக்கூடக் கதவைத் திறக்கவில்லை. வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரராக வேலை செய்தார். வீட்டிலேயே அழகுப் பூச்சுகளைத் தயாரித்தார். மஹேலியா அவற்றைப் பாடச் செல்லும் ஊர்களில் விற்றார்.

மனைவியின் குரலில் ஒரு புதையல் இருப்பதை ஐசக் கண்டார். முறையாகப் பயின்று பெரிய அரங்குகளில் பாடினால் செல்வம் குவியும். தேவாலயத்தில் பாடுவது குரலை வீணடிப்பது என்பது அவர் எண்ணம். மஹேலியாவின் எண்ணம் வேறு. அதற்கு முன்பே, நோயுற்ற தாத்தா பிழைத்து எழுந்தால் நாடகக் கொட்டகைப் பக்கமே போவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டதாகச் சொல்வர். நேர்ந்துகொண்டதைக் காப்பதில் நம் கிராமத்துத் தாய்மார்களைப் போன்றவர் அவர்.

1930களின் பிற்பகுதியில் ஐசக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. வீட்டில் கடும் நெருக்கடி. அப்போது நகரில் ஸ்விங் மிகாடோ என்ற இசை நாடகத்துக்குப் பாடகியரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தனர். கணவரின் வற்புறுத்தலால் அரை மனத்தோடு சென்று பாடினார் மஹேலியா. தேர்வும் பெற்றார். ஆனால் வீடு திரும்பியதும் கணவருக்கு வேலை கிடைத்துவிட்ட செய்தி தெரிந்தது. அந்த நொடியே நாடக வாய்ப்பை உதறிவிட்டார். ஐசக் கொதித்தார். அந்த இல்லறத்தில் விழுந்த விரிசல் பின்னர் மணமுறிவில் முடிந்தது.

இது மட்டுமா? 1937இல் டெக்கா நிறுவனத்துக்காக அவர் பாடிய முதல் இசைத்தட்டுகள் விலைபோகவில்லை. புளூஸ் பாடினால் அடுத்த தட்டு உண்டு என்றனர். மறுத்தார். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தம் குழுவுக்கு அழைத்தார். மறுத்தார். பிற்காலத்தில் இரவு விடுதிகள் பெருந்தொகையுடன் வந்து நின்றன. மதுக்கோப்பைகளுக்கு நடுவே என் கடவுளைப் பாடமாட்டேன் என்று அவற்றையும் மறுத்தார். வயிற்றுக்கு அவர் அழகுக்கலை கற்றார். சிகாகோவில் பெண்களுக்கான சிகையலங்கார நிலையம் ஒன்றைத் திறந்து நடத்தினார்.

புகழ் வந்தது

1947இல் அப்பல்லோ என்ற சிறு நிறுவனத்துக்காக ஒரு பாடல் பதிவாயிற்று. மெம்பிஸ் நகரப் போதகர் பிரூஸ்டர் இயற்றிய அந்தப் பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல், இரு பக்கமும் நிறைந்தது. வெளியானதும் கடைகளில் தட்டுகள் நிற்கவில்லை. இலட்சக்கணக்கில் விற்றன. எந்தக் குரலைக் கத்தல் என்றார்களோ, அதே குரல் நாடெங்கும் ஒலித்தது. 1950இல் நியூயார்க்கின் புகழ்மிக்க கார்னகி மன்றத்தில் பாடினார். 1952இல் ஐரோப்பா அழைத்தது. அவருக்குப் பியானோ வாசித்த மில்ட்ரட் ஃபால்ஸ் அம்மையாரின் பங்கு இந்தப் புகழில் பெரிது. ஆனால் அவருக்கு உழைப்புக்கேற்ற ஊதியத்தை மஹேலியா தரவில்லை என்று எழுதியோர் உண்டு. நிலவிலும் களங்கம் இருக்கிறது. அதை மறைப்பது வரலாறு ஆகாது.

மஹேலியா பணத்தை வெறுத்த துறவி அல்லர். ஏமாற்றும் ஏற்பாட்டாளர்களைக் கண்டு சூடுபட்டவர்; ஆகவே தமக்குரிய தொகையைக் கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். தெற்கே பயணம் போனால் கறுப்பருக்கு உணவு விடுதியிலும் தங்கும் விடுதியிலும் இடமில்லை. ஊரே கைதட்டி மகிழ்ந்த பாடகி, உணவைக் காரிலேயே எடுத்துச் சென்று, காரிலேயே உறங்க வேண்டியிருந்தது. வடக்கே மட்டும் என்ன வாழ்ந்தது? 1950களில் சிகாகோவில் வெள்ளையர் வாழும் பகுதியில் அவர் வீடு வாங்கியபோது, சன்னல்களைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. காவலர் வந்து காவல் நிற்க நேர்ந்தது. அவர் வீட்டை விட்டு ஓடவில்லை.

போராட்டத்தின் குரல்

1955 இறுதியில் அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில், பேருந்தில் கறுப்பருக்குத் தனி இருக்கை என்னும் கொடுமையை எதிர்த்துப் புறக்கணிப்புப் போராட்டம் மூண்டது. காந்தியடிகளின் அறவழியைக் கைக்கொண்ட மார்ட்டின் லூதர் கிங் அதன் தலைவர். போராட்டத்துக்கு நிதி திரட்டப் பாட வேண்டும் என்று கேட்டார். 1956 டிசம்பரில் மஹேலியா அங்கே சென்று பாடினார், கட்டணம் கேட்கவில்லை. அப்போது அவர் தங்கிய வீடு கிங்கின் தோழர் அபர்னதியுடையது. அவர் திரும்பிய அடுத்த மாதமே அந்த வீட்டில் குண்டு வெடித்தது! இரவு விடுதிக்குக் கொடுக்க மறுத்த குரலை, குண்டு வெடிக்கும் தெருவுக்குக் கூலியின்றிக் கொடுத்தார்.

1963 ஆகஸ்டு 28. தலைநகர் வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் மக்கள் கூடினர். கிங் பேசுவதற்கு முன் மஹேலியா பாடினார். பிறகு கிங் தாம் எழுதி வந்த உரையை வாசித்துக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த மஹேலியா, அந்தக் கனவைப் பற்றி மக்களுக்குச் சொல்லும்படி குரல் கொடுத்தார் என்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். கிங் தாளை ஒதுக்கிவிட்டுத் தம் கனவைப் பேசினார். இன்று உலகப் பள்ளிகளில் பாடமாக இருப்பது அந்தப் பகுதியே. நான்காம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண், முனைவர் பட்டம் பெற்ற ஒரு தலைவருக்கு எடுத்துக் கொடுத்த அடி அது. 1968 ஏப்ரலில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவருடைய இறுதிச் சடங்கில் டோர்சியின் அந்தத் துயரப் பாடலைப் பாடியவரும் மஹேலியாவே.

படச்சுருளில் வாழும் மஹேலியா

1958இல் நியூபோர்ட் என்ற கடற்கரை ஊரில் நடந்த ஜாஸ் விழாவைப் பெர்ட் ஸ்டெர்ன் என்ற புகைப்படக் கலைஞர் வண்ணப் படமாக எடுத்தார். ‘ஒரு கோடை நாளில் ஜாஸ்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்த ஆவணப்படம் மஹேலியாவோடு முடிகிறது. நாளெல்லாம் ஆட்டமும் பாட்டமுமாக இருந்த கூட்டம், நள்ளிரவு வேளையில், அவர் பாடும் பிரார்த்தனைப் பாடலைக் கேட்டு அடங்கி நிற்கிறது. கண்களை மூடி, முகமெல்லாம் வியர்வை மின்ன, எதிரே ஆயிரக்கணக்கானோர் இருப்பதையே மறந்தவராக அவர் பாடுகிறார்.

இந்தப் படத்தை என் அக்காவும் மாமாவும் கைப்பேசியில் பார்த்தார்கள். ஆங்கிலம் இருவருக்கும் அவ்வளவாகத் தெரியாது. நான்தான் அவர் கதையைச் சொன்னேன். மாமா பேருந்து நடத்துநர், கணக்கில் கறாரானவர். வீட்டில் அரிசி இல்லாதபோது வந்த நாடக வாய்ப்பைத் தள்ளியது தவறு என்றார் அவர். கடவுள் கொடுத்த குரலால் குடும்பம் பிழைத்தால் கடவுள் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டார். தபால்காரரான அந்தக் கணவருக்காக அவர் மனம் இரங்கியது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காதவனின் வேதனை யாருக்குத் தெரியும் என்றார்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள் அவள். அவள் அனுப்பிய சம்பளத்தில்தான் நான் மேல்நிலைப் பள்ளியை முடித்தேன். பிறகு சொன்னாள்: அந்த அம்மா உழைக்க மறுக்கவில்லையே! துணி வெளுத்தார், தலை பின்னினார், கணவர் செய்த பூச்சை விற்றார். கையை விற்றார், காலை விற்றார், நேரத்தை விற்றார். ஒன்றே ஒன்றைத்தான் விற்கமாட்டேன் என்றார். ஏழைக்கு என்று சொந்தமாக ஒன்று வேண்டாமா என்று கேட்டாள்.

மாமா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கடைசிப் பாட்டை மறுபடியும் போடச் சொன்னார். அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் மஹேலியாவைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை அக்கா சொல்லிவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. ஐசக்கும் மஹேலியாவும் 1930களில் தொடங்கிய வாதம் இன்னும் எத்தனை வீடுகளில் நடக்கிறதோ!

இன்னொரு படமும் உண்டு. 1969இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த இசைவிழாவில், உடல் தளர்ந்த மஹேலியா இளம் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸை அருகழைத்து, டோர்சியின் பாடலை இருவரும் சேர்ந்து பாடினர். அந்தப் படச்சுருள்கள் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஒரு வீட்டின் நிலவறையில் கிடந்தன. 2021இல் அவை ‘சம்மர் ஆஃப் சோல்’ என்ற ஆவணப்படமாக வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்றன. முதியவர் ஒலிவாங்கியை இளையவரிடம் கொடுக்கும் அந்தக் காட்சி, ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குத் தீபம் ஏற்றிக் கொடுப்பது போல் இருக்கிறது.

சென்னையில் அவர் குரல்

நம் தமிழகத்துக்கும் அவர் வந்திருக்கிறார் என்பது பலரும் அறியாத செய்தி. 1971இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்து கல்கத்தா, புதுதில்லி, சென்னை, பம்பாய் ஆகிய நான்கு நகரங்களிலும் பாடினார். நான்கிலும் நுழைவுச்சீட்டுகள் முழுதும் விற்றுத் தீர்ந்தன. தில்லியில் பிரதமர் இந்திரா காந்தி அவரைச் சந்தித்துப் பாராட்டினார். அவருடைய நண்பர் கிங் யாரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டாரோ, அந்த அண்ணலின் மண்ணில் மஹேலியாவின் குரல் ஒலித்தது பொருத்தமே அன்றோ!

மறைவும் மறையாதவையும்

நெடுங்காலமாகவே அவர் உடலை நோய் அரித்து வந்தது. இதயமும் தளர்ந்திருந்தது. மருத்துவர் ஓய்வு கொள்ளச் சொல்லியும் பாடுவதை நிறுத்தவில்லை. 1972 சனவரி 27ஆம் நாள், தம் அறுபதாம் வயதில், சிகாகோவை அடுத்த ஊரில் மறைந்தார். சுமார் 50,000 பேர் வரிசையில் நின்று இறுதி மரியாதை செலுத்தினர். அங்கே அரீதா ஃபிராங்க்ளின் டோர்சியின் பாடலைப் பாடினார். பின் அவர் உடல் பிறந்த மண்ணான நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அந்நகரை அடுத்த மெட்டேரியில் அடக்கமாயிற்று.

பாடிச் சேர்த்த பணத்தில் அவர் ஓர் உதவித்தொகை நிதியை நிறுவியிருந்தார். சுமார் 50 ஏழை மாணவர்கள் அதன் உதவியால் கல்வி பெற்றனர். பத்து வயதில் பள்ளியை விட்டவர், தமக்குக் கிடைக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இசைத்தட்டுகளின் எண்ணிக்கையைவிட, பரிசுகளின் பட்டியலைவிட, இந்த 50 என்ற எண்ணே என் மனத்தில் நிற்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆட்கள். நமக்காகப் புத்தகப் பையை இறக்கி வைத்தவர் யாரோ ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். நாளை நாம் பட்டத்தோடு வெளியேறும்போது வேலை உடனே கிடைக்கலாம். ஐசக்கைப் போலக் காத்திருக்கவும் நேரலாம். எந்த வேலையும் இழிவில்லை. கையை விற்கலாம், நேரத்தை விற்கலாம். ஆனால் விற்கக்கூடாத ஒன்று எது என்பதை ஒவ்வொருவரும் இப்போதே தம் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்வோம். கைக்குப் பணம் வரும் நாளில், படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளையையாவது மீண்டும் பள்ளிக்கு அனுப்புவோம்.

வாழ்க மஹேலியா ஜாக்சன் புகழ்!